பொரி தூவிய கடலும் எண்ணெய் வந்த ஓடையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரத்தில், ஜவ்வாது மலையில் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது இது. தங்கை அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் அம்மா வீடு அடிவாரத்தில் ஆலங்காயம்தான் என்றாலும், மலைமேல் நான் அதுவரை ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கிறிஸ்துமஸுக்கே வா என்று கூப்பிட்டாள். லீவு கிடைக்காமல் இழுத்தடித்துப் பொங்கலுக்குத்தான் போக முடிந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது புரியாது. கப்பல் மோதியோ உடைந்தோ கடலில் எண்ணெய் கொட்டினால் அதைச் சமாளிக்க, நாட்டின் கரையோரம் முழுக்க ஆங்காங்கே சாமான்களைத் தயாராக வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு கிடங்குக்கு நான் பொறுப்பாளர். எண்ணெய் பரவாமல் வளைத்துக் கட்டும் நீளநீளமான மிதவைகள், உறிஞ்சி எடுக்கும் விரிப்புகள், அள்ளும் இயந்திரங்கள் எல்லாம் என் சாவிக்கொத்தில் அடக்கம். அந்த மிதவையை நாங்கள் பூம் என்போம். அப்போது பத்தொன்பது வருட சர்வீஸ். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கடலைக் காப்பாற்றுகிற வேலை என்று சொல்லிவிட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு அலாதி சுகம். மலைக்குப் போன முதல் நாளே தங்கை வீட்டு வாசலில் கூடிய பெண்களிடமும் அப்படித்தான் அளந்துவிட்டேன்.

எனக்குத் தூக்கம் வராத கோளாறு உண்டு. ஊரில் விடிய விடிய மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடப்பேன். மலையில் என்ன மாயமோ, படுத்தால் போதும், ஆளை அடித்துப் போட்டது. காலை பத்து மணி வரை மூடுபனி விலகாது. வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியாது. மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்கும், மாடு கண்ணில் படாது. அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். அதற்கு அப்பால் கடல் இருப்பதாகவே தோன்றும். விழித்திருந்த நேரத்திலும் பாதித் தூக்கத்தில் நடமாடியது போல மூன்று நாட்கள் போயின.

நாலாவது நாள் விடியற்காலையில் ஒரு கனவு. எங்கள் துறைமுகத்தில் நிற்கிறேன். தண்ணீரில் அலையில்லை, சத்தமில்லை. எங்கோ எண்ணெய் நாற்றம் அடிக்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. நான் மெதுவாக, அவசரமே இல்லாமல், தண்ணீரின்மேல் நடந்து போய்க்கொண்டிருக்கிறேன். இவ்வளவுதான் கனவு. கண் திறந்தேன். கடல் போய்விட்டது, நாற்றம் போகவில்லை. இன்னும் முழுசாக எழவில்லை போலிருக்கிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, எந்திரி. இன்னா நாத்தம் இது? உனுக்கும் அடிக்குதா?"

தங்கை பல்விளக்கும் பிரஷோடு வாசற்படியில் நின்றாள். நான் மூக்கை உறிஞ்சினேன். "ஃபர்னஸ் ஆயில்" என்றேன். தார் காய்ச்சுகிற உலையில் எரிக்கும் கறுப்பு எண்ணெய் அது. கப்பல்களுக்குள்ளும் கிட்டத்தட்ட அதே வகைதான் இருக்கும். ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு கப்பல் எண்ணெயின் பெயரை நான் சொன்னதும், தூக்கத்தில் உளறுகிறேன் என்றுதான் அவள் நினைத்தாள்.

பத்து நிமிடத்தில் சேதி வந்துவிட்டது. மேலே சாலை போடும் வேலைக்காகப் பீப்பாய் ஏற்றிவந்த மினி லாரி, பனியில் பாதை தெரியாமல் சிறு பாலத்தில் சாய்ந்துவிட்டது. டிரைவருக்குத் தோளில் அடி. இரண்டு பீப்பாய்கள் உடைந்து எண்ணெய் ஓடையில் இறங்குகிறது. தங்கை பையை எடுத்துக்கொண்டு டிரைவரைப் பார்க்க மேலே ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலேயே போனில் கீழே அதிகாரிகளுக்குத் தகவலும் சொன்னாள். கீழிருந்து வண்டி கிளம்பும், ஆனால் சாய்ந்த லாரி பாதையை அடைத்துக்கொண்டு கிடப்பதால் வந்து சேர மத்தியானம் ஆகும் என்று பதில் வந்தது.

நான் ஓடைக்குப் போனேன். ஊரே அங்கே நின்றது. பனிக்குள்ளிருந்து ஓடை வருவது தெரிந்தது. அதன்மேல் கறுப்பாக ஒரு நாக்கு, சோம்பல் முறித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரங்களில் ஊதாவும் பச்சையும் பொன்னிறமுமாக நிறங்கள் விரிந்து விரிந்து சுழன்றன. சொல்லக் கூசுகிறது, ஆனால் அது அழகாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் எண்ணெய் தண்ணீரில் உண்மையாகவே வருவதை அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்தேன். என்னை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

என் பக்கத்தில் நின்ற பெண்தான் என்னை உலுக்கி விழிக்க வைத்தாள். தங்கை வீட்டுக்குப் பின்னால் சாமை பயிரிடும் குடும்பம் அவளுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். "யக்கா, கெணறு கீய இருக்குது" என்றாள். அவள் கை காட்டிய இடத்தில், ஓடை வளைந்து ஒரு மடுவாகத் தேங்குகிறது. மடுவை ஒட்டிக் கிணறு. மணல் வழியாக ஊறி வருகிற தண்ணீர்தான் அதில். அங்கே எங்கே துளை போட்டாலும் பாறை. ஆழ்துளைக் கிணறு எதிலும் தண்ணீர் வரவில்லையாம். நாற்பது வீட்டுக்கும் குடிக்க அந்த ஒரே கிணறுதான். எண்ணெய் மடுவுக்குப் போய் மணலில் இறங்கிவிட்டால் அந்தத் தண்ணீரை எத்தனை வருடம் வாயில் வைக்க முடியாது என்று அங்கே என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. இத்தனை வருடம் இதற்குத்தானே சம்பளம் வாங்கினோம் என்று தோன்றியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்தேன். மூங்கில் வேண்டும், கயிறு வேண்டும், சாக்கு வேண்டும், வைக்கோல் நிறைய வேண்டும். வைக்கோல் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை விட்டுவிடும். அந்தப் பெண்ணின் கணவர், அவரைச் சாமைக்காரர் என்றே சொல்கிறேன், ஒரு கணம் தன் வைக்கோல் போரைத் திரும்பிப் பார்த்தார். மாடுகளுக்குச் சித்திரை வரை அதுதான் தீனி என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் போய், போரின் உச்சியிலிருந்து கட்டுக்கட்டாக உருவிப் போட்டார்.

புளி உலுக்கும்போது மரத்தடியில் விரிக்கிற படுதாக்கள் அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அவற்றை நீளவாக்கில் மடித்து, உள்ளே சாமை வைக்கோலைத் திணித்து, மூங்கிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அடியில் சாக்கைத் தொங்கவிட்டு, முனைகளில் கல் கட்டினோம். அரை மணி நேரத்தில் ஒரு பூம் தயார். பேரணிக்குப் போவது போல இருபது பேர் அதைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் நடந்தார்கள். கிணற்றுக்கு நூறடி மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, ஓடையை நேராக மறித்து இழுத்துக் கட்டினோம். கறுப்பு நாக்கு வந்து அதில் முட்டி நின்றது.

"அவ்ளோதான், நின்னுடுச்சி" என்றேன். சிலர் கைகூடத் தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மிதவைக்கு இந்தப் பக்கம், தெளிந்த தண்ணீரின் அடியிலிருந்து, நாவற்பழம் போல ஒரு கறுப்புத் துளி மேலே எழும்பி வந்து பட்டென்று விரிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. கயிற்றை இழுத்துக் கட்டுங்கள் என்று கத்தினேன். இழுக்க இழுக்க, இன்னும் அதிகமாகத்தான் அடியில் நுழைந்து வந்தது.

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது நாங்கள் கடலில் ஒத்திகை நடத்துவோம். ஒத்திகைக்காக உண்மையான எண்ணெயைக் கடலில் கொட்ட முடியுமா? அதனால் அரிசிப் பொரியைத் தூவுவோம். ஆமாம், ஆயுத பூஜைக்கு வாங்குகிற அதே பொரிதான். மூட்டை மூட்டையாக அதை வாங்கி வைப்பதும் என் பொறுப்பு. அலையில்லாத துறைமுகத்து உள்வாயில், அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, படகிலிருந்து பொரியைத் தூவுவார்கள். இன்னொரு படகு பூமை இழுத்துக்கொண்டு போய் அழகாக வளைக்கும். வெள்ளை வெளேரென்று பொரி அத்தனையும் உள்ளே நிற்கும். போட்டோ எடுப்பார்கள். மீன்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். 'ஒத்திகை வெற்றி' என்று நான் தட்டச்சு செய்வேன். பொரி மிதக்கும், ஒருநாளும் அது மூழ்கி அடியில் நுழையாது. பத்தொன்பது வருடமாக என் மனசில் எண்ணெய் என்றால் பொரிதான் என்று அந்த ஓடையில் நின்றபோதுதான் உறைத்தது.

பனி வேறு இன்னும் இறங்கிவந்து எங்களை மூடியது. குரல்கள் எங்கோ தூரத்தில் கேட்டன. நான் மட்டும் முழங்கால் தண்ணீரில், காலையில் வந்த அதே கனவில், திரும்ப மாட்டிக்கொண்டது போல நின்றேன். சாமைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை சொன்னதைச் செய்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

"யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. தண்ணிய எதுத்து நேரா நின்னா அது அடியில பூந்துதான் போவும். சாய்ச்சி வுட்டுப் பாப்பமா? தானா ஓரத்துக்குப் போய்க்கும்."

மழைக்காலத்தில் சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வரும்போது, கிணற்றுப் பக்கம் போகாமலிருக்க அவர்கள் ஓடையில் ஒரு மூங்கிலைக் குறுக்குவாட்டில் சாய்த்துப் போடுவார்களாம். குப்பை மூங்கிலோடு வழுக்கிக்கொண்டே போய், ஓட்டமில்லாத கரையோரம் ஒதுங்கிவிடும். வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து அதை அள்ளிப் போடுவார்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முகம் சுட்டது. 'ஓட்டம் வேகமாயுள்ள இடங்களில் மிதவையைச் சாய்வாக அமைக்கவும்.' எங்கள் கையேட்டில் இருக்கிற வரி அது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிரதிக்காக அதை நானேதான் தட்டச்சு செய்கிறேன்.

"மொதல்லியே சொல்லி இருக்கலாமேண்ணா" என்றேன், அழாத குறையாக.

"நீங்க கடலையே பாக்கறவங்க. எங்களுக்கு இன்னா தெரியும்னு இருந்துட்டேன்" என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறார்.

ஒரு முனையை அவிழ்த்து இருபதடி கீழே கொண்டுபோய்க் கட்டினோம். பூம் சாய்ந்தது. கறுப்பு எண்ணெய் முதலில் தயங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, படுதாவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கரைப் பக்கம் நகரத் தொடங்கியது. அங்கே பாறைக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் போய்ச் சேர்ந்து கெட்டியாகத் தேங்கி நின்றது. இந்தப் பக்கம் துளிகள் குறைந்தன, பிறகு நின்றன. கொட்டாங்குச்சி, சொம்பு, உடைந்த பிளாஸ்டிக் குடம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து அள்ளினார்கள். அள்ளியதைக் கரைமேல் காலிப் பீப்பாயில் ஊற்றினார்கள். ஊறிப்போன வைக்கோலை எடுத்துவிட்டுப் புது வைக்கோல் வைத்தார்கள். சாமைக்காரர் வீட்டுப் போர் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. எண்ணெய் பட்டதை மாடு தின்னாது. அவர் மனைவி அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தாள்.

வெயில் வந்தபோது மணி பதினொன்று. மத்தியானம் அதிகாரிகளும் வண்டியும் வந்து சேர்ந்தார்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஓடையில் கிடந்த எங்கள் பூமைப் பார்த்துவிட்டு, யார் இப்படிக் கட்டச் சொன்னது என்று கேட்டார். சாமைக்காரர் என்னைக் கை காட்டினார். நான் அவரைக் கை காட்டினேன்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் நானே பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பேன்.

சாயங்காலம் கிணற்றடியில் பெண்கள் கூடினார்கள். எல்லார் இடுப்பிலும் காலிக் குடம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. வானம் தெரிந்தது, என் தலை தெரிந்தது. மடுவிலும் கண்ணுக்குக் கறுப்பு எதுவும் தெரியவில்லை, ஓரத்துப் புல்லில் மட்டும் லேசாக ஒரு பளபளப்பு. அதிகாரிகள் பரிசோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முடிவு வர நாளாகும். அதுவரை தண்ணீர் வண்டி அனுப்புவதாகவும் சொன்னார்கள், ஆனால் லாரி சாய்ந்த பாலம் சரியாகாமல் அவ்வளவு கனமான வண்டி வருவது சந்தேகம்.

"குடிக்கலாமா யக்கா?" என்றாள் சாமைக்காரரின் மனைவி.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். தலையை ஆட்டியிருந்தால் போதும். வாளி உள்ளே இறங்கியிருக்கும். நாற்பது வீட்டில் உலை கொதித்திருக்கும். என் மானமும் பிழைத்திருக்கும். வருடா வருடம் தலைமை அலுவலகத்துக்குப் போகிற தயார்நிலை அறிக்கையில், 'சாமான்கள் தயாரா' என்ற கட்டத்தில், எழுந்துகூடப் பார்க்காமல் 'ஆம்' என்று எழுதிப் பழகிய கை என் கை. அப்போதெல்லாம் என் எதிரே ஒரு காலண்டர்தான் இருக்கும், முகம் எதுவும் இருக்காது.

"தெரியல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நெஜமா தெரியல. மொதல்ல நான் நேரா கட்டுனதால கொஞ்சம் கீய போயிடுச்சி. எவ்ளோ போச்சின்னு எனக்குத் தெரியல. தப்பு என்னுது. ரிசல்ட் வர்ற வரைக்கும் வேணாம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சரி, மேல ஊத்துக்குப் போலாம், வாங்கடி" என்று திரும்பி நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மேல் ஊற்று ஒன்றரை மைல் ஏற்றத்தில் இருக்கிறது. திரும்பவும் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. முதலில் அவர்களுடைய கால்கள் மறைந்தன, பிறகு சேலைகள், கடைசியில் குடங்களின் பித்தளைப் பளபளப்பு மட்டும் வெள்ளைக்குள் மிதந்துகொண்டே மேலே போனது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

மறுநாள் நானும் அவர்களோடு போனேன். ஒரு குடம் சுமக்க முடியவில்லை. அரைக் குடம்தான் கொண்டுவந்தேன், அதிலும் பாதியைச் சேலையில் ஊற்றிக்கொண்டேன். வழியெல்லாம் என்னைக் கேலி செய்து சிரித்தார்கள். கடலைக் காப்பாற்றுகிறவளுக்குச் சொம்புத் தண்ணீரைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று ஒருத்தி சொல்ல, சாமைக்காரரின் மனைவி சிரித்த சிரிப்பில் அவள் குடமும் தளும்பியது. எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

லீவு முடிந்து நான் ஊருக்குத் திரும்பினேன். எண்ணெய் கொட்டிய ஏழாம் நாள் தங்கை போன் செய்தாள். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் இல்லை, குடிக்கலாம் என்று முடிவு வந்துவிட்டதாம். "கேளு" என்று போனைக் கிணற்றுப் பக்கம் நீட்டினாள். ராட்டினம் கிறீச்சிட்டது. தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ யாரையோ அதட்டினார்கள். அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டேன். ஏழு நாள் ஒன்றரை மைல் ஏறியது தேவையில்லாமல் போய்விட்டது என்று அவர்கள் யாரும் சொல்லவில்லையாம். நான்தான் அதை எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

அன்று மத்தியானமே கிடங்கைத் திறந்து, ஒத்திகைக்கு ஒருநாளும் எடுக்காமல், நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து சுருட்டியபடியே கிடந்த நீளமான பூமை நாலு ஆட்களை வைத்து வெயிலில் விரிக்கச் சொன்னேன். நடுவில் எலி கடித்து, கை நுழைகிற அளவுக்கு எட்டு ஓட்டைகள். அந்த வருட அறிக்கையில் முதல்முறையாக 'இல்லை' என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, இத்தனை வருடம் சரியாக இருந்தது இப்போது எப்படிக் கெட்டுப்போனது என்று கேட்டார். இத்தனை வருடமும் நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார், தந்தேன். நாலு மாதத்தில் புதுப் பூம் வந்தது. ஒத்திகையும் இப்போது ஓட்டமுள்ள முகத்துவாரத்தில்தான் நடக்கிறது, நாற்காலிகளுக்கு அங்கே இடமில்லை.

இன்றைக்கும் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதப் பேனாவை எடுத்தால், இடுப்பில் காலிக் குடத்தோடு ஒரு பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு எதிரே நிற்கிறாள்; எழுந்து கிடங்குக்குப் போய் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது.